கொங்கு நாட்டுப் பழைய ரயில் கட்டடங்கள்: காப்பாற்றக் காசு எங்கிருந்து வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கத்துப் பழைய ரயில் கட்டடங்கள் இடிந்துபோகாமல் நிற்க வேண்டும் என்று அலைகிற ஏழெட்டுப் பேர் நாங்கள். பாதிப் பேர் ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் அந்தக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள். நோட்டீஸ் கொடுக்கும்போதும், கல்லூரிகளில் பேசும்போதும், டீக்கடையிலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பணம். அதனால் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

ரயில் கட்டடம் என்றால் ஸ்டேஷன் மட்டும்தானா?

இல்லை. ஸ்டேஷனைக் காப்பாற்ற நாலு பேராவது குரல் கொடுப்பார்கள். குரல் இல்லாமல் போவது மற்றவைதான்: கூட்ஸ் ஷெட், நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த இரும்புத் தொட்டியும் அதைத் தாங்கிய கருங்கல் மேடையும், சிக்னல் கேபின், கேட் ரூம், டிரைவர்கள் படுத்து எழுந்த ரன்னிங் ரூம், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்களின் குவார்ட்டர்ஸ், ஊழியர்கள் கூடிப் பொழுதுபோக்கிய ரயில்வே இன்ஸ்டிடியூட். ஒரு ஸ்டேஷன் இவை எல்லாம் சேர்ந்து இயங்கிய இடம். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தட்டிவிட்டால், ரயில் எப்படி ஓடியது என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

கொங்கு நாட்டில் அப்படி என்ன பழமை இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை 1862-ல் முழுமையானது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து 1856-ல்தான் புறப்பட்டது. ஆறே வருஷத்தில் அது சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி அரபிக் கடலைத் தொட்டுவிட்டது. இரண்டு கடற்கரைகளை இணைக்க மலையில் இயற்கையாக இருந்த வாசல் நம் பக்கத்தில்தான் இருந்தது. அதனால்தான் இந்தியாவின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று கொங்கு நாட்டின் நடுவே போகிறது.

அந்தப் பாதை கோயம்புத்தூர் ஊருக்குள் வரவில்லை. போத்தனூரோடு ஒதுங்கிப் போனது. கோவைக்கு ரயில் வந்தது 1873-ல், போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டபோது. அதாவது கோயம்புத்தூர் ஸ்டேஷனுக்கு போத்தனூர் பதினொரு வயது மூத்தது. இதைச் சொன்னால் கோவைக்காரர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

கிழக்கே, திருச்சியிலிருந்து கரூர் வழியாகக் காவிரியை ஒட்டி வந்த பாதை 1868-ல் ஈரோட்டைத் தொட்டது. அது வேறு கம்பெனி போட்டது. இரண்டும் சந்தித்ததால்தான் ஈரோடு ஜங்ஷன் ஆனது. மஞ்சளும் துணியும் அங்கே குவிந்ததற்கு அந்தச் சந்திப்பும் ஒரு காரணம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-ல் ஏறியது, ஊட்டிக்கு 1908-ல் போய்ச் சேர்ந்தது. போத்தனூர் பொள்ளாச்சி மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளப் பாதை, 1915-ல் வந்தது. ஒவ்வொரு பாதைக்கும் தனிக் கட்டட முறை உண்டு. கருங்கல் சுவர், செங்கல் வளைவு, சீமை ஓடு, தேக்குக் கட்டை, வார்ப்பிரும்புத் தூண் என்று பார்த்தவுடனே எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்.

போத்தனூரைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

அது வெறும் ஸ்டேஷனாக இருந்ததில்லை, ரயிலால் பிறந்த ஊர். ரயில்வே கோட்டத் தலைமையகம் அங்கே இருந்து, 1956-ல் பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டுக்குப் போனது. சிக்னல் பணிமனை இன்றும் அங்கே இருக்கிறது. ரயில்வே காலனியின் அகலமான தெருக்களும், ஓட்டு வீடுகளும், பெரிய மரங்களும் கோவை மாவட்டத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் ஊர் அமைப்பு.

இன்னொன்றும் உண்டு. 1921 நவம்பரில் மலபாரின் திரூரிலிருந்து, மாப்பிள்ளைமார் எனப்படும் மலபார் முஸ்லிம் கைதிகளை பிரிட்டிஷ் அரசு காற்றுப் புகாத ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பியது. அந்தப் பெட்டியைத் திறந்தது போத்தனூரில். மூச்சுத் திணறி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். திரூரில் அவர்கள் நினைவாக மண்டபம் இருக்கிறது. பெட்டி திறக்கப்பட்ட எங்கள் ஊரில் நிற்கும் சாட்சி அந்த ஸ்டேஷன் வளாகம் மட்டும்தான். கட்டடம் என்றால் அழகு என்று மட்டும் நாங்கள் நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரயில்வேயிடம் இல்லாத பணமா? அவர்களே செய்ய வேண்டியதுதானே?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கோபத்தோடு கேட்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது.

சமீப வருஷக் கணக்குகளின்படி ரயில்வே 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய்க்கு மேல் செலவழிக்கிறது. சம்பளம், பென்ஷன், கரண்ட், தண்டவாளம் எல்லாம் போக மிஞ்சுவது மிகக் குறைவு. புதிய வேலைகளுக்கு மத்திய அரசின் பட்ஜெட்டிலிருந்துதான் பணம் வர வேண்டும். அந்தப் பணமும் தலைப்பு வாரியாகப் பிரித்தே வரும்: புதிய பாதை, இரட்டைப் பாதை, பாலம், சிக்னல், பயணிகள் வசதி. ஸ்டேஷனுக்கு லிஃப்டும் கூரையும் வேண்டும் என்றால் பயணிகள் வசதித் தலைப்பில் கேட்கலாம். பயணி யாரும் கால் வைக்காத பழைய கூட்ஸ் ஷெட்டை எந்தத் தலைப்பில் கேட்பது? ஓர் அதிகாரிக்கு மனசு இருந்தாலும் அவர் பேனாவுக்கு இடம் இல்லை.

அடுத்தது, ரயில்வே ஏட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் ஆயுள் குறித்திருப்பார்கள். அது முடிந்த பிறகு பெரிய ரிப்பேருக்குப் பணம் கேட்டால், "வயசாகிப்போன கட்டடத்துக்கு எதற்கு?" என்ற கேள்வி வரும். ரிப்பேர் நின்றுவிடும். ஓடு ஒழுகும், கட்டை உளுத்துப்போகும். ஒரு நாள் பொறியாளர் வந்து ஆபத்தான கட்டடம் என்று எழுதுவார். அவர் எழுதுவது பொய் இல்லை, அன்றைக்கு அது உண்மையிலேயே ஆபத்தாகத்தான் இருக்கும். ரயில்வேக்காரர்கள் இதை "கண்டெம் பண்ணிட்டாங்க" என்பார்கள், அதாவது இனி உதவாது என்று சுவரிலேயே எழுதி ஒதுக்கிவிட்டார்கள். சுவரில் அந்த எழுத்து விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. தேக்கும் இரும்பும் ஏலத்துக்குப் போகும்.

இதில் வில்லன் என்று ஒருவரும் இல்லை. ரயில் தாமதமாகாமலும் விபத்தில்லாமலும் ஓட வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. பழைய சுவரைக் காப்பது அதன் வேலைப் பட்டியலில் எங்கோ கடைசியில் இருக்கிறது. நாங்கள் பார்த்தவரை, பணம் இல்லை என்பது பாதி உண்மைதான். பணம் உள்ளே நுழைய வாசல் இல்லை என்பது மீதி.

அம்ருத் பாரத் திட்டத்தில் கோடிக் கணக்கில் செலவழிக்கிறார்களே?

செலவழிக்கிறார்கள். ஸ்டேஷன்களைப் புதுப்பிக்க 2022 கடைசியில் ரயில்வே அறிவித்த அந்தத் திட்டத்தில் நாடு முழுக்க 1,300-ஐ ஒட்டிய ஸ்டேஷன்கள் இருக்கின்றன. போத்தனூரும் மேட்டுப்பாளையமும் அவற்றில் அடக்கம். அதனால் வந்த நன்மையை நாங்கள் மறுக்கவில்லை. வயதானவர்களுக்கு லிஃப்டும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், வெயிலுக்குக் கூரையும் வேண்டும்தான்.

கவலை வேறு. புதுப்பிக்கும் பணம் வரும் நாள்தான் பழைய கட்டடத்துக்கு ஆபத்தான நாள். காசு இல்லாமல் கிடந்த காலத்தில் ஒழுகினாலும் நின்றுகொண்டிருந்தது. டெண்டர் விட்டதும் முகப்பை மறைத்து அலுமினியத் தகடு வருகிறது. சுண்ணாம்புச் சுவரில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். பிளாட்பாரத்தை உயர்த்துகிறார்கள். அப்போது நூறு வருஷக் கட்டடம் பள்ளத்தில் நிற்கிறது. மழைத் தண்ணீர் கதவு வழியாக உள்ளே வந்து அஸ்திவாரத்தில் இறங்குகிறது. பழசைத் தெரிந்த ஒரு கட்டடக் கலைஞர் திட்டம் போடும் நாளிலேயே மேஜையில் உட்கார்ந்திருந்தால், அதே பணத்தில் லிஃப்டும் வரும், பழைய வளைவும் பிழைக்கும். வேலை ஆரம்பித்த பிறகு போய் நின்றால் ஒப்பந்தக்காரர் கையில் இருக்கும் வரைபடத்தைத்தான் காட்டுவார்.

தொல்லியல் துறையிடம் கொடுத்துவிடலாமே?

மத்தியத் தொல்லியல் துறை 1958-ம் வருஷச் சட்டப்படியும், மாநிலத் துறை 1966-ம் வருஷச் சட்டப்படியும் வேலை செய்கின்றன. கோயில், கோட்டை, கல்வெட்டு என்று ஏற்கெனவே அவர்கள் கையில் இருப்பதே அதிகம். தினமும் ரயில் வந்து போகிற, ஊழியர் வேலை செய்கிற கட்டடம் அந்தப் பட்டியலுக்குள் வருவது அரிது. மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே சட்டசபையில் நிறைவேறியது. ஆனால் ரயில்வே நிலம் மத்திய அரசுடையது. அங்கே மாநிலத்தின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பது எப்போதுமே இழுபறிதான்.

யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தால் பணம் வருமா?

நீலகிரி மலை ரயில் 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்கிறார்கள். அந்தப் பட்டம் சம்பளத்தோடு வருவதில்லை. பராமரிக்கும் செலவு சொந்தக்கார நாட்டுடையது, இங்கே ரயில்வேயுடையது. 46 கிலோமீட்டர், 16 குகை, சுமார் 250 பாலம், நடுவில் பல்சக்கரப் பாதை. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் பாறை அகற்றவே பணம் போய்விடும். டிக்கெட் வரவைவிடச் செலவு அதிகம்.

ஆனாலும் அந்தப் பட்டம் ஒரு வேலையைச் செய்திருக்கிறது. அந்தப் பாதையை அகலப்பாதையாக்கலாம், மூடிவிடலாம் என்று இனி யாரும் லேசாகப் பேச முடியாது. பொன்மலைப் பணிமனையில் மலை ரயிலுக்குப் புதிதாகவே நீராவி இஞ்சின் செய்தார்கள். மலை மேல் இவ்வளவு மதிப்பு இருக்கும்போது, அதே பாதைக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்த்த கீழ்நாட்டு ஸ்டேஷன்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் எங்கள் மனத்தாங்கல்.

ஒரு பழைய ஸ்டேஷனைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?

கட்டடத்தைப் பார்க்காமல் தொகை சொல்பவரை நம்பாதீர்கள். முதலில் நிலை அறிக்கை வேண்டும்: எந்தச் சுவரில் ஈரம், எந்தக் கட்டையில் கரையான், எந்த வளைவில் விரிசல் என்று அளந்து, படம் போட்டு எழுதுவது. இந்த அறிக்கைக்கே காசு ஆகும். அதற்கு நன்கொடை கேட்டால்தான் மிகவும் கஷ்டம். கொடுப்பவருக்குக் காகிதம்தான் கிடைக்கும், கண்ணுக்குக் கட்டடம் தெரியாது.

அறிக்கை வந்த பிறகு வரிசை ஒன்றுதான். கூரை முதலில், தண்ணீர் வடிகால் அடுத்து, பூச்சு அப்புறம், பெயிண்ட் கடைசியில். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. விழாவுக்கு முன்னால் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அடுத்த ஐப்பசியில் அது பொரிந்து கீழே விழுகிறது.

சிமெண்ட் பூசினால் மலிவாக முடியுமே? ஏன் சுண்ணாம்பு?

பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடுகிறது. சிமெண்ட் பூசினால் வழி அடைபடும். ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லை மாவாக்கும். வெளியே பார்க்கச் சுவர் புதிதாக இருக்கும், உள்ளே கரைந்துகொண்டிருக்கும். எட்டுப் பத்து வருஷம் கழித்து மொத்தச் செலவையும் இரண்டாவது முறை செய்ய வேண்டி வரும்.

சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரில் அரைத்து, மெல்லிய பூச்சாக ஒன்றின் மேல் ஒன்று போட்டுக் காயவிட வேண்டும். நாள் பிடிக்கும், அதனால் கூலி கூடும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது பெரும்பாலும் கோயில் திருப்பணியிலும் காரைக்குடிப் பக்கத்து வீடுகளிலும்தான் இருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன மதுக்கரை போத்தனூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொருளுக்குப் பஞ்சம் இல்லை, கைக்குத்தான் பஞ்சம். ஒரு கட்டடத்துக்குச் செலவழிக்கும்போதே உள்ளூர்ப் பையன்கள் நாலு பேருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தால் அடுத்த கட்டடத்துக்குச் செலவு குறையும் என்று நாங்கள் எல்லா இடத்திலும் சொல்லி வருகிறோம்.

கோவை, திருப்பூர் கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். பணம் கேட்கலாமே?

கேட்கலாம், கேட்டும் வருகிறோம். 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, பெரிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியலில் வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிப்பதும் இருக்கிறது. இது பல கம்பெனி நிர்வாகிகளுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் போய்க் காட்டுகிறோம்.

தடைகள் மூன்று. முதலாவது, இந்தச் சட்டம் கம்பெனிகளுக்குத்தான். 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி லாபம், இந்த மூன்றில் ஒன்றையாவது தொட்டிருக்க வேண்டும். கொங்கு நாட்டுத் தொழிலில் பெரும்பகுதி கூட்டு நிறுவனமாகவோ தனி முதலாளி நிறுவனமாகவோ நடக்கிறது. பனியன் கம்பெனி என்று நாம் சொல்வதில் எத்தனையோ சட்டப்படி கம்பெனியே இல்லை. அவர்கள் கொடுத்தால் மனசு வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கம்பெனி மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்கப் பார்க்கும். தொடர் திட்டம் என்று எழுதிவைத்தால் தொடங்கிய வருஷம் போக இன்னும் மூன்று வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் அதற்கு முதல் நாளிலேயே தெளிவான திட்டமும் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ரயில்வே அனுமதியோ நிதியாண்டு பார்த்து வருவதில்லை. மூன்றாவது, பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டினால் குழந்தைகளோடு படம் எடுக்கலாம். ஒழுகாத கூரையைப் படம் எடுத்து யாரிடம் காட்டுவது?

எங்களுக்கு நம்பிக்கை தருவது வேறு பழக்கம். நம் ஊர்க் கோயில்களுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி நடக்கிறது. கேட்காமலே கொடுக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றக் கட்டளை எழுதி வைக்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆக, பழையதைப் பழுது பார்க்கக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. கோயிலுக்கு ஒரு திருப்பணிக் குழுவும், அனுமதியும், திரும்பி வரும் காலக்கெடுவும் இருக்கின்றன. ரயில் கட்டடத்துக்கு இந்த மூன்றும் அமைந்தால் கொடுக்கும் கை தானாக நீளும்.

ஊர்க்காரர்களே வசூல் செய்து ஓடு மாற்றிவிட முடியாதா?

முயன்றோம். மீட்டர்கேஜ் காலத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்று. புதிய கட்டடம் வந்த பிறகு பழையது பூட்டிக் கிடந்தது. டிக்கெட் ஜன்னலின் கீழே இருந்த கல், காசு வைத்து வைத்துக் குழிந்திருக்கும். கூரையின் ஒரு மூலையில் நாற்பது ஐம்பது ஓடு உடைந்திருந்தது, அவ்வளவுதான். அதை மட்டும் மாற்றினால் இன்னும் இருபது வருஷம் நிற்கும் என்று தச்சர் சொன்னார். அவரே கூலி வேண்டாம் என்றார். ஒருவர் பழைய வீடு பிரித்த ஓடு தருகிறேன் என்றார். மீதிச் செலவுக்கு ஊரில் வசூல் செய்தோம். ஒரு பாட்டி முந்தானையில் முடிந்திருந்த ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு, "எங்க ஊட்டுக்காரரு இங்கதான் வேலைக்குச் சேந்தாருங்க தம்பி, பாத்துச் செய்யுங்க" என்றார்.

மனு கொடுத்தோம். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகம், அங்கிருந்து மறுபடி முதல் அலுவலகம். யாரும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. ரயில்வே எல்லைக்குள் வெளியாள் ஏணி வைத்து ஏறினால் விபத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பதிவு செய்த அமைப்பு இல்லை, காப்பீடு இல்லை, ஒப்பந்தம் இல்லை. இரண்டு மழைக்காலம் போனது. மூலை ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் உத்தரக் கட்டையை உளுக்க வைத்தது. பிறகு சுவரில் அந்த எழுத்து வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பொக்லைன் வந்தது.

வசூல் பணத்தை ரசீது பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். பாட்டி வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. நாங்கள் பணத்தை முதலில் தேடினோம், காகிதத்தை அப்புறம் தேடினோம். வரிசை தவறு. முதலில் பதிவு செய்த அமைப்பு, அடுத்து ரயில்வேயோடு எழுத்து மூலம் ஒப்பந்தம், அடுத்து நிலை அறிக்கை, அதன் பிறகே வசூல்.

எம்.பி. நிதியிலிருந்து வாங்கலாமா?

ஓர் எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி. அது பெரும்பாலும் ஊருக்குப் புதிதாக நிரந்தர வசதி உண்டாக்கும் பணம். பழையதைப் பராமரிக்க அதில் கை வைப்பது கடினம். பணத்தைவிட எம்.பி.யின் கடிதம்தான் எங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அவர்களுக்கும் கஷ்டம்தான். அமெரிக்காவில் 1971-ல் பயணிகள் ரயிலை ஆம்ட்ராக் என்ற ஒரே நிறுவனம் ஏற்று நடத்தத் தொடங்கியபோது, ஏராளமான ஊர்களில் ரயில் நிற்பதே நின்றுபோனது. ஸ்டேஷன்கள் அநாதையாயின. 1991-ல் வந்த போக்குவரத்துச் சட்டத்தில் சாலைக்கான மத்தியப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, பழைய ரயில் கட்டடங்களைப் புதுப்பிக்கவும் அதிலிருந்து கொடுக்கலாம் என்றார்கள். பெரும்பாலும் 80 சதவீதம் அரசு, 20 சதவீதம் ஊர். அந்தப் பணத்தில் எத்தனையோ சின்ன ஊர் ஸ்டேஷன்கள் நூலகமாகவும் அருங்காட்சியகமாகவும் பிழைத்தன. ஆனாலும் அந்த இருபதைத் திரட்ட முடியாமல் இடிந்துபோன ஊர்களும் உண்டு.

பிரிட்டனில் 1985-லிருந்து ரயில்வே பாரம்பரியத்துக்கென்றே ஓர் அறக்கட்டளை இருக்கிறது. ரயில் நிர்வாகம் பழைய கட்டடத்தைச் சரிசெய்தால், சாதாரண வேலைக்கும் பாரம்பரிய முறை வேலைக்கும் உள்ள கூடுதல் செலவில் கைகொடுக்கிறது. நம் ஊருக்கு இதுதான் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். ஓடு மாற்றும் செலவு ரயில்வேயுடையதாகவே இருக்கட்டும். சாதாரணத் தகடு போடாமல் பழைய மாதிரி ஓடு போட ஆகும் அதிகப்படிப் பணத்துக்கு ஒரு நிதி இருந்தால், அதிகாரிக்கும் தணிக்கையில் பதில் சொல்ல முடியும்.

நம் நாட்டிலும் 1996-ல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதி என்ற அறக்கட்டளை இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்கென்றே அதன் வழியாக நன்கொடை கொடுக்கலாம், வரிவிலக்கும் உண்டு. நம் பக்கம் அதைப் பற்றிப் பேசுவாரே இல்லை. முடியாது என்பவர்களிடம் நாங்கள் ராயபுரத்தைக் காட்டுகிறோம். பாழாகிக் கிடந்த அந்த 1856-ம் வருஷ ஸ்டேஷனைப் புதுப்பித்து 2005-ல் திறந்தார்கள். செய்தது நம் ரயில்வேதான்.

வாடகைக்கு விட்டு அந்த வருமானத்திலேயே பராமரிக்கலாமே?

நல்ல வழி. ஆள் புழங்கும் கட்டடம் சாகாது. கூட்ஸ் ஷெட் சந்தைக்கூடமாகலாம், ரன்னிங் ரூம் தங்கும் விடுதியாகலாம். ஆனால் தண்டவாளத்தை ஒட்டி இருப்பதால் வேலியும் தனி வழியும் வேண்டும். குத்தகை ஐந்து வருஷம் என்றால் யாரும் கூரைக்குப் பணம் போட மாட்டார்கள், சுவரில் பெயர்ப்பலகைதான் போடுவார்கள். நீண்ட குத்தகை கொடுத்து, "கூரையும் பூச்சும் உன் பொறுப்பு, வடிவத்தை மாற்றக்கூடாது" என்று எழுதி வாங்க வேண்டும். குத்தகைப் பணமும் பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல் அதே கட்டடத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

ஜனங்களுக்கு ரயில் நேரத்துக்கு வந்தால் போதாதா? பழைய சுவர் யாருக்கு வேண்டும்?

இப்படிக் கேட்பவர்கள்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் ஒற்றைக்காலில் நின்று வருகிறவருக்கு இது இரண்டாம் பட்சம்தான். ஆனால் நாங்கள் கேட்பது பெரும்பாலும் புதுச் செலவில்லை. உடைந்த ஓட்டை அந்த வருஷமே மாற்றினால் ஆகும் செலவு, இடித்துப் புதிதாகக் கட்டுவதில் ஒரு துளி. கொங்கு நாட்டுக்குப் பஞ்சையும் இயந்திரத்தையும் கொண்டுவந்தது இந்தப் பாதைகள்தான். போத்தனூர் பொள்ளாச்சிப் பாதை 2017-ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தபோது ஊரே போய் நின்று பார்த்தது. ரயில்மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நான் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர் ஸ்டேஷனில் தண்டவாளத்தைக் கடக்காமல், வேலையைத் தடுக்காமல், அனுமதி பெற்றுப் படம் எடுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் நின்று எடுங்கள். ஒழுகல் எப்போது ஆரம்பித்தது என்று காட்ட அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்தக் கட்டடம் எந்த வருஷம் கட்டியது, கடைசியாக எப்போது ரிப்பேர் செய்தது, இடிக்க முடிவாகியிருக்கிறதா? 30 நாளில் பதில் வர வேண்டும். இடிக்கும் முடிவு கோப்பில் இருக்கும்போதே தெரிந்தால் பேச நேரம் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பாயின்ட்ஸ்மேன், கேங்மேன் உங்கள் தெருவில் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் வீட்டுப் பரணில் பழைய படமும், விளக்கும், டோக்கனும் இருக்கலாம். அப்புறம், அதிகாரியைத் திட்டி எழுதாதீர்கள். நாளைக்கு அந்தக் கையெழுத்து நமக்கு வேண்டும்.

உங்களுக்குப் பணம் அனுப்பலாமா?

இப்போது வேண்டாம். பதிவு வேலை நடக்கிறது. ஒப்பந்தம் கையில் வந்த பிறகு, எந்தக் கட்டடத்தின் எந்தக் கூரைக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு நாங்களே உங்கள் வீட்டுக்கு வருகிறோம். முதலில் போக வேண்டிய வீடு எது என்று எங்களுக்குத் தெரியும். பாட்டியின் ஐம்பது ரூபாய் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.